பேர் தெரியாமலே போன பவளம்

சார் போய்விட்டார்... காலையில் அவர் மகன் போன் பண்ணிச் சொன்னார்.

புதுக்கோட்டை காலேஜில் விலங்கியல் லெக்சரராக இருந்தவர். எனக்கு உறவு இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. யாரிடம் சொல்ல... அதனால் இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி எட்டு மாசம். என் வீட்டுக்காரர் கோட்டைப்பட்டினத்தில் இருந்து கடலுக்குப் போனார். ஆளும் திரும்பவில்லை, வள்ளமும் திரும்பவில்லை.

மூழ்கிவிட்டார் என்றார்கள் பாதிப் பேர். இலங்கைக்கு ஓடிவிட்டார் என்றார்கள் மீதிப் பேர்.

ஆறு வருஷம் கழித்து அவருடைய நங்கூரக்கல் ஒருவர் வலையில் ஏறியது. ஒரு பக்கம் அவர் கொத்திய மூன்று கோடு. மறுபக்கம் தோசை ஊற்றின மாதிரி பவளம் படர்ந்திருந்தது.

சார் அப்போது பவளம் பொறுக்க எங்கள் கரைக்கு வருவார். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"என்ன வகைன்னு தெரிஞ்சா வருஷத்துக்கு எவ்வளவு வளரும்னு தெரிஞ்சுரும்மா. பவளத்தோட தடிமன வச்சு கல்லு எப்ப கடல்ல விழுந்துச்சுன்னு சொல்லிரலாம். காலேஜுக்குக் கொண்டாங்க."

எனக்கு அதுதானே வேண்டும்... அவர் போன அன்றைக்கே விழுந்திருந்தால் அவர் இல்லை. பிந்தி விழுந்திருந்தால் எங்கேயோ உயிரோடு இருந்திருக்கிறார்.

கொழுந்தன் சிரித்தான். "கொழும்புக்குப் போன அண்ணன் கல்லுக்குள்ளயா மதினி ஒளிஞ்சிருக்கு?"

நாறுகிற கல்லோடு காலேஜுக்குள் எப்படி நுழைவது? செங்கல் பொடி போட்டு, தேங்காய் நாரால் பாத்திரம் மாதிரி தேய்தேய் என்று தேய்த்து எடுத்துப் போனேன்.

லென்ஸில் பார்த்தவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா பண்ணுனீங்க... பவளத்துல இந்தச் சின்னச் சின்னக் குழிக்குள்ள இருக்குற கோட்டப் பாத்துத்தான் இனம் பிரிக்கணும். எல்லாம் தேஞ்சு கெடக்கே."

இரண்டு வகையில் ஒன்று என்றார். மெதுவாக வளர்கிற வகை என்றால் அன்றைக்கே விழுந்தது. வேகமாக வளர்கிற வகை என்றால் பிந்தி.

"ஏதாச்சும் ஒண்ணச் சொல்லிருங்க சார்... தாலியக் கழட்டவா, வேணாமா?" காலில் விழுந்தேன்.

"தெரியாதத எப்படிம்மா சொல்லுவேன்?" அவரும் அழுதுவிட்டார்.

கல்லை வைத்துக்கொண்டார். எங்கெங்கோ எழுதிக் கேட்டார். ரிட்டயர் ஆன பிறகும் போன் பண்ணுவார். "இன்னும் பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்..."

அந்த ஒரு பேச்சில்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன்.

இனி யார் பார்ப்பார்கள் சார்? நான் யாரிடம் கேட்பேன்?

ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாவது போயிருக்கலாமே...

போய் வாருங்கள்.