போர் நிற்க ஜெபிக்காத வீடு

ஷார்ஜா ரோலாவில் நாங்கள் குடியிருக்கும் பிளாட்டில், மற்ற வீடுகளில் கல்யாணப் படம் தொங்குகிற சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கிறது. எங்கள் கல்யாணப் படம் அலமாரிக்கு மேலே தூசி தின்றுகொண்டு கிடக்கிறது. வரைபடத்தில் மேற்கு ஆசியா முழுவதும் இருக்கிறது. பாரசீகத்திலிருந்து எருசலேமுக்கு ஒரு சிவப்புக் கோடு, வடக்கிலிருந்து ஒன்று, தெற்கிலிருந்து ஒன்று. கோடு போட்டவர் என் கணவர். அவர் அல் குசைஸில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். அங்கே அட்டைப் பெட்டிகளில் எழுதுகிற தடித்த மார்க்கரையே இதற்கும் கொண்டுவந்தார்.

எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டம். எங்கள் வீடுகளில் ஜெபம் புதிதல்ல. நானும் ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து டிபன் டப்பா பரிசு வாங்கியவள்தான். ஆனால் இது வேறு மாதிரி. சில வருஷங்களுக்கு முன் என் கணவருக்கு ஒரு பிரதர் பழக்கமானார். ஏசி பராமரிப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கஞ்சியும் மாத்திரையுமாக வந்து நிற்கிற நல்ல மனிதர். ஒரே ஒரு விஷயம், உலகத்தில் எங்கே குண்டு விழுந்தாலும் அது எந்த வசனம் என்று சொல்லிவிடுவார். யூதர்களின் தீர்க்கதரிசிகள் அந்தக் காலத்திலேயே எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டார்களாம். ஜாதிகள் எல்லாம், அதாவது உலகத்து தேசங்கள் எல்லாம், எருசலேமுக்கு விரோதமாகக் கூடும், பாரசீகமும் அதில் சேரும், கடைசியில் மேசியாவின் பாதங்கள் நகரத்துக்குக் கிழக்கே உள்ள மலையில் நிற்கும், மலை இரண்டாகப் பிளக்கும். அந்த மலை இருக்கும் இடத்தில் எங்கள் வரைபடத்தில் ஒரு நட்சத்திரம் உண்டு.

அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்தான் என் தங்கை வேலை பார்த்தாள். எருசலேமில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், தனியாக எழுந்து நடக்க முடியாத ஒரு யூதப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது. அவரை அவள் அப்பச்சன் என்றுதான் சொல்வாள். ஷார்ஜாவிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் பேச முடியாது என்பதால் எங்கள் பேச்செல்லாம் வாய்ஸ் மெசேஜில்தான். நான் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது அவள் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு போவது எனக்குப் பழக்கம். அப்பச்சன் இன்று கஞ்சியைத் துப்பினார், அப்பச்சன் இன்று என் கையைப் பிடித்துச் சிரித்தார் என்று ஏதாவது இருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஹாலில் கூட்டம் நடக்கும். பக்கத்து பிளாட்காரர் சுவரைத் தட்டாத அளவுக்குப் பாட்டு. பிறகு பிரதர் அந்த வாரத்துச் செய்திகளை எடுத்துக்கொண்டு வரைபடத்துக்கு முன்னால் நிற்பார். காசா, லெபனான், சிரியா என்று விரல் ஓடும். அங்கே செத்த பிள்ளைகளைப் பற்றி யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். "நெருங்கிட்டு பிரதர், நெருங்கிட்டு" என்பார்கள். எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம் வரும். மாதம் முழுக்கக் குனிந்து வேலை பார்க்கிறவர்களுக்கு, உலகத்தின் ரகசியம் தங்களுக்கு மட்டும் தெரியும் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குப் புரியாமல் இல்லை. என் கணவருக்கும் அந்த ஆறுதல்தான் வேண்டியிருந்தது. கம்பெனியில் ஒவ்வொருவராக ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெபக் குறிப்பு கேட்கும் நேரத்தில் ஒருநாள் நான், "அங்க சண்டை நிக்கணும்னு ஜெபிக்கணும். எனக்க தங்கச்சி அங்க இருக்கா" என்றேன்.

பிரதர் கோபப்படவில்லை. அன்பாகத்தான் சொன்னார். "சிஸ்டர், தங்கச்சிக்க பாதுகாப்புக்கு ஜெபிப்போம். ஆனா சண்டை நிக்கணும்னு கேக்கக்கூடாது. வரவேண்டியத வராதேன்னு சொல்லுத மாதிரி ஆயிரும். தீர்க்கதரிசனத்துக்கு விரோதமா ஜெபிக்கக்கூடாது, பாத்தீங்களா?"

ஆமென் என்றார்கள். நான் எழுந்து உள்ளே போய் டீ போட்டேன். கூட்டம் முடிந்து எல்லாரும் நல்ல டீ என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

பெரியவரின் மகன் வாரம் ஒருமுறை அப்பாவைப் பார்க்க வருவாராம். தலையில் குல்லா வைத்த, தினமும் மேசியாவுக்காக ஜெபிக்கிற ஆள். எங்கள் வீட்டு வரைபடத்தைப் பற்றி என் தங்கை அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, நாங்களும் காத்திருக்கிறோம், நாள் மட்டும் குறிக்கமாட்டோம், கடைசிக் காலத்தைக் கணக்குப் போடுகிறவனை எங்கள் பழைய பெரியவர்கள் சபித்திருக்கிறார்கள் என்றாராம். இதை நான் என் கணவரிடம் ஆசையோடு சொன்னேன். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அவங்களுக்க கண்ணு மறைஞ்சிருக்கு பிள்ளே" என்றார். யாருக்கு எழுதியதோ அவர்களுக்குப் புரியாதாம், அல் குசைஸ் ஸ்டோரில் புரிந்துவிட்டதாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்தக் கோடையில் இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் சண்டை மூண்டது. பாரசீகம் என்ற சொல் எங்கள் ஹாலில் எத்தனை தடவை கேட்டது என்று சொல்லவே வேண்டாம். வெள்ளிக்கிழமைக் கூட்டம் தினக் கூட்டமாகியது. என் தங்கையின் கட்டடத்தில் பதுங்கு அறை கிடையாது. சைரன் அடித்தால் பெரியவரைத் தோளில் சாய்த்துப் படி இறங்கிக் கீழே போகவேண்டும். பக்கத்துத் தெருவில் ஏவுகணை ஒன்று விழுந்த அன்று அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் சைரன் ஊளையிடுகிறது. அவள் மூச்சு வாங்குகிறாள்.

"அக்கா, கேக்குதா? ஆண்டவரே... ஆண்டவரே... அப்பச்சன எறக்கிட்டு வந்துட்டேன். எனக்கு பேடியா இருக்குக்கா. கை காலெல்லாம் நடுங்குது. போக விருப்பம் உள்ளவங்கள ஜோர்டான் வழியா அனுப்புதாங்களாம். நான் வந்துரட்டா? அத்தான்ட்ட கேட்டுச் சொல்லு."

வா என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் அப்பா போனபிறகு பெரிய முடிவெல்லாம் என் கணவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். அம்மையிடம் பேசினால், "அத்தான் என்ன சொல்லுதார்?" என்பதுதான் முதல் கேள்வி. தங்கைக்கும் அப்படித்தான். அவளை அங்கே அனுப்ப ஓடியாடியதும் அவர்தான். அவர் நான் கொடுத்த போனைக் காதில் வைத்து அந்த மெசேஜை இரண்டு தடவை கேட்டார். கண் கலங்கியது. பிறகு அவளுக்குப் பேசி அனுப்பினார்.

"மக்கா, பேடிக்காத. நீ நிக்குத எடம் சாதாரண எடம் இல்ல. அவருக்க பாதம் படப்போற எடமாக்கும். ஒன்ன அங்க கொண்டு வச்சது அவராக்கும். ஓடி வராத."

நான் அவரோடு சண்டை போட்டேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவர் வரைபடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டுவிட்டார். முழங்கால் போட்டவரிடம் என்ன பேசுவது? அவள் வரவில்லை.

அடுத்த சில நாட்களில் ஊரிலிருந்து அம்மை பேசினாள். குரலில் ஒரே பெருமை. "எனக்க மவளுக்க சத்தம் ஊரெல்லாம் கேக்குதாம். போதகர் அவ பேரச் சொல்லி ஜெபிச்சார்" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் கிளினிக்கில் இருக்கும்போது எங்கள் ஊர்ச் சபையின் பெண்கள் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. எரிகிற வானத்தின் படம், பின்னணியில் கீபோர்டு இசை, மேலே கொட்டை எழுத்தில் 'எருசலேமிலிருந்து எக்காளச் சத்தம், நம் சகோதரியின் சாட்சி'. திறந்தேன். சைரன் கேட்டது. அதற்குப் பிறகு என் தங்கையின் குரல், "ஆண்டவரே... ஆண்டவரே..." அவ்வளவுதான். பேடியா இருக்கு என்பது இல்லை. நான் வந்துரட்டா என்பது இல்லை.

கவுண்டரில் ஆள் நின்றுகொண்டிருந்தது. நான் டாய்லெட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு வந்து கேட்டபோது என் கணவர் திகைத்துப்போனார். "நான் ஒனக்க போன்ல இருந்து முழுசாத்தான் பிரதருக்கு அனுப்பினேன், வெட்டினது நான் இல்ல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பிரதரும் வெட்டவில்லையாம், இன்னொரு குரூப்புக்கு அனுப்பினாராம். யாரும் ஒன்றும் செய்யவில்லை. என் தங்கையின் பயத்தை மட்டும் எங்கோ யாரோ கழித்துவிட்டார்கள்.

பிறகு ஒரு சாயங்காலம் கத்தார் பக்கம் ஏவுகணை வந்ததாகச் செய்தி வந்தது. எங்கள் பக்கமும் விமானங்கள் சில மணி நேரம் நின்றன. ரோலாவில் கடைகளில் தண்ணீர்க் கேன் தீர்ந்தது. அன்றைய கூட்டத்தில் பிரதர் கண்ணீரோடு, இந்த தேசத்தின் எல்லைகளைக் காத்தருளும், இங்கே சமாதானத்தைக் கட்டளையிடும் என்று ஜெபித்தார். எல்லாரும் உரக்க ஆமென் சொன்னார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டிருக்கும். இங்கே சண்டை வேண்டாம் என்று கேட்பது எந்தத் தீர்க்கதரிசனத்துக்கும் விரோதமில்லை போலிருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் என் கணவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். எனக்கும் மகளுக்கும் திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னார். முகம் வெளிறியிருந்தது.

"நீயும் பிள்ளையும் கெளம்புங்க. இங்க என்ன நடக்கும்னு தெரியல."

"எனக்க தங்கச்சி வந்துரட்டான்னு கேட்டப்ப ஓடி வராதேன்னு சொன்னீங்களே?"

"அது வேற பிள்ளே."

"என்ன வேற?"

அவர் கட்டிலில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல் நின்ற மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். எங்கள் மேல் அவருக்கு இருக்கிற பாசத்தை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. பயம் என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை.

நாங்கள் கிளம்பவில்லை, கிளம்பத் தேவையும் வரவில்லை. சண்டை அடங்கிவிட்டது. அதற்கு முந்தின நாள் சைரனில், பெரியவரைத் தாங்கிக்கொண்டு இறங்கும்போது என் தங்கை படியில் சறுக்கிவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. பெரியவருக்கு இடுப்பு. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவில்லை. இதை அவளாக எங்களிடம் சொல்லவில்லை. அங்கே இதே வேலை பார்க்கிற மார்த்தாண்டத்துப் பெண் ஒருத்தி சொல்லித்தான் தெரியும். பிரதர் அடுத்த வெள்ளிக்கிழமை, சகோதரியின் உயிரைக் காத்ததற்காக ஸ்தோத்திரம் ஏறெடுத்தார்.

இப்போது அவள் வேறொரு வீட்டில் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வருவதைப் பற்றிப் பேச்சே இல்லை. என் மெசேஜுக்கெல்லாம் எழுத்தில்தான் பதில். 'நல்லா இருக்கேன்.' 'சாப்பிட்டேன்.' நான் பஸ்ஸில் காதில் ஒன்றும் மாட்டாமல் போகிறேன். போன வாரம் பொறுக்கமாட்டாமல், ஒரே ஒரு தடவை பேசி அனுப்பு மக்கா, உன் சத்தம் கேட்டு மாசக்கணக்காச்சு என்று கெஞ்சினேன். அவள் படித்ததற்கான நீல டிக் வந்தது. வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

'வேண்டாம்க்கா. குரூப்ல போட்டுருவீங்க.'