நீளம் பாய்ந்த பிள்ளையின் கோப்பை

பாரிஸில் ஒலிம்பிக் நடந்த கோடையில், எங்கள் பழைய மாணவர் சங்கமும் ஒரு விளையாட்டுப் போட்டி வைத்தது. முடிவுகளை மைதானத்தில் சொல்லவில்லை. மேடையில்தான் சொல்வார்களாம்.

மாலையில் லா சப்பல் மண்டபத்தில் பரிசளிப்பு. மங்கள விளக்கேற்ற முண்டியடித்தார்கள். தலைவர் செயலாளருக்குப் பொன்னாடை போர்த்தினார். செயலாளர் தலைவருக்குப் போர்த்தினார். பிறகு தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டில இதே பாரிஸில ஒலிம்பிக் எவ்வளவு சிறப்பா நடந்தது! அவை காட்டின வழியிலதான் நாங்களும் போறம்."

சிறப்பாம்! அது உலகக் கண்காட்சியின் வாலில் கட்டிவிட்ட வேடிக்கை. மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். கோல்ஃபில் வென்ற பெண், தான் வென்றது ஒலிம்பிக் என்று தெரியாமலே செத்துப்போனாள். இந்த மனுசன் ஒரு பக்கமாவது படித்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

ஒருவழியாக, நீளம் பாய்தலில் முதலாவதாக வந்த பிள்ளையின் பெயரை வாசித்தார்கள். யாரும் எழும்பவில்லை.

"சார்செல் ரயிலுக்கு நேரமாச்சுதெண்டு அவ தாயோட வெளிக்கிட்டிட்டா," என்றது பின்வரிசைக் குரல்.

தலைவர் கூச்சமே இல்லாமல் அவளுடைய கோப்பையைத் தூக்கிப் பிடித்துப் படத்துக்கு நின்றார்.

தான் வென்றது தெரியாமல் அந்தப் பிள்ளை ரயிலில் போய்க்கொண்டிருந்தாள். அவர்கள் காட்டிய வழியில் போகிறோம் என்றாரே, அந்த ஒன்றில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை.