பிரியாணிக் கடைக்கு வந்த இங்கிலீஷ் கடிகாரம்

திண்டுக்கல்லில் ரயிலுக்கு இன்னும் நேரம் இருப்பதால், ஸ்டேஷனுக்கு அருகே ஒரு சின்ன பிரியாணிக் கடையில் சாப்பிடுகிறேன். கடையில் ஒரே ஒரு பெஞ்சுதான்; அது நிரம்பிவிட்டதால் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். கொடைக்கானலில் ஒரு துரை வீட்டுச் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நாற்காலி வாங்கப் போன கடைக்காரர் இப்போதுதான் திரும்பி வருகிறார். நாற்காலியைக் காணோம். பெரிய பழைய இங்கிலீஷ் சுவர்க் கடிகாரம் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைக்கிறார்.

அவர் மனைவி கரண்டியோடு அடுப்படியிலிருந்து வருகிறார். "உக்கார எடமில்லாம சனம் நிக்குது. நீங்களே சொல்லுங்கண்ணே, இதுல உக்காந்து திங்க முடியுமா?" என்று என்னைக் கேட்கிறார்.

"முடியாதும்மா. ஆனா அழகா இருக்கு" என்கிறேன்.

கடைக்காரர் அவசரமாகத் துண்டால் தூசியைத் துடைக்கிறார். கறுப்பு அரக்குப் பூச்சின்மேல் தங்க நிறத்தில் கொக்குகளும் ஒரு பாலமும் தெரிகின்றன. பாலத்தில் ஒருவன் குடை பிடித்து நடக்கிறான்.

அந்த அம்மாள் குனிந்து பார்க்கிறார். "இவன் எங்க போறான்?"

"நாக்காலி வாங்கத்தான்" என்கிறார் கடைக்காரர்.

பெஞ்சில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்த அம்மாளும் அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிடுகிறார். பிறகு கடிகாரத்தைத் தாமே தூக்கி அடுப்பிலிருந்து தள்ளி வைக்கிறார்.

"புகை பட்டா இந்தக் கொக்கெல்லாம் மங்கிப்போகும். வாசப் பக்கமா ஆணி அடிங்க, போற வாரவுகளும் பாக்கட்டும்."