நாற்பதாவது சாம்பிள்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் தேதியும் மணியும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கின்றன. 2023 நவம்பர் 24, வெள்ளிக்கிழமை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் நடந்தது. எனக்கே நடந்தது.

என் பெயர் மோகனப்பிரியா. வேதாரண்யம் பக்கம் கடலோர ஊர். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்காத குடும்பம் எங்களுடையது. அந்தச் சந்தேக புத்தி எனக்கும் அப்படியே வந்திருக்கிறது. அம்மா கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராக விற்கிறவள். முட்டி தேய்ந்துபோய், பஸ் படி ஏறவே யாராவது பிடிக்க வேண்டும் என்றாகிவிட்டது. அவள் தலையிலிருந்து அந்தக் கூடையை இறக்க வேண்டும். அதற்காகத்தான் படிக்கப் போனேன்.

பகலில் பாபநாசத்தில் ஜவுளிக்கடை வேலை. மாலை ஆறு முதல் எட்டு வரை சமுதாயக் கல்லூரி. நெல்லின் தரம் பார்க்கும் ஓராண்டுப் படிப்பு. சர்டிபிகேட் இருந்தால் ரைஸ் மில்லில் வேலை கிடைக்கும் என்றார்கள்.

கட்டணம் மிகக் குறைவு. மற்றதெல்லாம் அதற்கேற்ற மாதிரிதான். கட்டடம் பழைய நெல் குடோன். மழை வந்தால் வாளி வைக்க வேண்டும். பாதியில் நின்றுபோனவர்களின் ரெக்கார்டு நோட்டில் எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டு, அட்டையில் புது லேபிள் ஒட்டி அடுத்த பேட்சுக்குக் கொடுப்பார்கள். என் நோட்டு மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் ஒல்லி. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா என்று விட்டுவிட்டேன்.

பாடம் நடத்தியவர் இராஜாங்கம் சார். நெல் கொள்முதலில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய முறை இது. முதலில் நெல்லைப் பல்லில் கடிக்க வேண்டும். 'கட்' என்று உடைந்தால் காய்ந்த நெல். நசுங்கினால் ஈரம். எத்தனை சதவீதம் ஈரம் என்று ஊகித்துப் பென்சிலில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் மெஷின். மெஷின் சொல்வதைப் பக்கத்துக் கட்டத்தில் பேனாவால் எழுத வேண்டும். இப்படி நாற்பது சாம்பிள். கடைசியில் சார் கையெழுத்துப் போட்டால்தான் சர்டிபிகேட்.

செப்டம்பர் 12. மாலை ஆறு பத்து. நோட்டைத் திறந்தேன். அன்றைய நெல்லை நான் இன்னும் வாயில் வைக்கவே இல்லை. ஆனால் பென்சில் கட்டத்தில் 17 என்று எழுதியிருந்தது.

என் எழுத்து இல்லை. இடது பக்கம் சாய்ந்த எழுத்து. ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு.

மெஷினில் போட்டேன். சரியாக 17.

எனக்குப் பக்கத்து மேசை வீரமணி. வகுப்பிலேயே கெட்டிக்காரன். மில் வேலை வந்தால் எங்கள் இருவரில் ஒருவரைத்தான் அனுப்புவேன் என்று சார் சொல்லியிருந்தார். அப்புறம் வேறு யாரைச் சந்தேகப்படுவது? அழித்துவிட்டு நானே கடித்து எழுதினேன். அடுத்த வகுப்பிலும் எண் இருந்தது. அதையும் அழித்தேன். வேலை செய்யும் இடத்தில் எப்போதும் நோட்டைக் கையோடு வைத்திருந்தேன். இரவில் தலையணைக்கு அடியில் வைத்தேன். அப்படியும் எழுதியிருந்தது. தண்ணீர் குடிக்கப் போகும் இரண்டு நிமிடத்தில் எழுதிவிடுகிறான் என்று நினைத்தேன்.

ஒருநாள் வாசலிலேயே மறித்துக் கேட்டேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

"நான் ஏங்க உங்க நோட்டைத் தொடப்போறேன்? இந்தாங்க, என் நோட்டைப் பாருங்க."

அவனுடைய ஏழில் கோடு இல்லை. எழுத்தும் நேராக இருந்தது. திருடுகிறவன் சொந்தக் கையெழுத்திலா திருடுவான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் 21 அன்று சார் என் ரெக்கார்டைப் புரட்டினார். முப்பத்தொன்பது சாம்பிள் முடிந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் ரப்பர் தேய்த்த தடம்.

"யாரைப் பார்த்தும்மா எழுதுற? நாப்பதாவதுலயும் அழிச்சிருந்தா கையெழுத்துப் போட மாட்டேன்."

இரண்டு மாதமாக ஒருவன் என் பிழைப்பில் கை வைக்கிறான், பழி எனக்கு. அன்று இரவெல்லாம் எனக்கு அழுகையும் ஆத்திரமும்தான்.

வெள்ளிக்கிழமை கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பினேன். காவலாளி கோவிந்தராசு அண்ணனிடம் சாவி வாங்கி உள்ளே போனேன். மணி 5.36. வகுப்பறையில் யாரும் இல்லை. மேசைக்கு அடியில் பார்த்தேன். மூட்டைகளுக்குப் பின்னால் பார்த்தேன். கதவை உள்பக்கம் தாழிட்டேன். நாற்பதாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது. நோட்டை மூடி, ரப்பர் பேண்ட் போட்டு, மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே தூறல். 5.44க்கு கரண்ட் போனது. ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் மட்டும்.

5.47.

கட்.

பக்கத்தில்தான். நெல்லைக் கடிக்கும் சத்தம். மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், தெரியாதா...

எலி என்று நினைத்தேன்.

தூ... என்று உமியைத் துப்பும் சத்தம்.

எலி துப்பாது.

"வீரமணி?" என்றேன். செல்போன் டார்ச்சை அடித்தேன். மேசை மேல் சாம்பிள் தட்டு. மூடி திறந்திருந்தது. பாதியாகக் கடித்த நெல் ஒன்று. எச்சில் ஈரம் இன்னும் பளபளத்தது.

5.51.

சர்ர்... சர்ர்...

பென்சில் எழுதும் சத்தம்.

எங்கிருந்து?

என் மடியில் இருந்து.

மூடிய நோட்டுக்குள் இருந்து... என் கைக்கு அடியில்...

விரலில் அந்த அதிர்வு தெரிந்தது.

நோட்டைத் தூக்கி எறிந்தேன். பயம்தான். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. எங்கள் ஊரில், திருடினவன் யாரென்று தெரியாவிட்டால் மண்ணை வாரித் தூற்றிச் சபிப்பார்கள். அம்மா அப்படிச் சபித்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அங்கே மண் இல்லை. சாக்கிலிருந்து ஒரு கை உமியை அள்ளினேன். நோட்டின் மேல் தூற்றினேன்.

"எழுதுற கை விளங்காமப் போகட்டும்."

சத்தம் நின்றது.

சட்டென்று நின்றது.

செல்போனைப் பார்த்தேன். 5.52.

ஆறு மணிக்கு மேல் கரண்ட் வந்தது. நோட்டைத் திறந்தேன். நாற்பதாவது கட்டத்தில் 1 என்று எழுதியிருந்தது. அடுத்த எண் முடியவில்லை. அங்கிருந்து ஒரு கோடு இழுபட்டு, தாளைக் கிழித்துக்கொண்டு ஓரம்வரை போயிருந்தது.

அந்தக் கோட்டின் மேலேயே என் எண்ணை எழுதினேன். அழிக்கவில்லை. சார் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு என் நோட்டில் யாரும் எழுதவில்லை. கை விளங்காது என்று சொன்னதும் பயந்துவிட்டான் என்று வீரமணியை நினைத்து உள்ளூரச் சிரித்தேன்.

டிசம்பர் முதல் வாரம் சார் கூப்பிட்டார். மன்னார்குடிக்கு வெளியே ஒரு ரைஸ் மில்லில் தரம் பார்க்க அவசரமாக ஆள் வேண்டுமாம். நாளைக்கே போ என்றார். அம்மாவிடம் போனில் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேசுகிறேன் என்றாள். இனிமேல் தூக்காதே என்றேன்.

மில்லில் பஞ்சநாதன் என்கிற சூப்பர்வைசர் பழைய சாம்பிள் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். திறந்தேன்.

இடது பக்கம் சாய்ந்த எழுத்து. பக்கம் பக்கமாக. ஏழுக்கெல்லாம் குறுக்குக் கோடு.

யார் எழுதியது என்று கேட்டேன்.

"மலர்க்கொடின்னு ஒரு பொண்ணும்மா. உங்க காலேஜ்தான், போன பேட்ச். பாதியிலயே இங்க வேலை கிடைச்சு வந்துடுச்சு. கடிச்சே சொல்லிடும். மெஷினே வேணாம்."

இப்போது எங்கே என்றேன். அவர் நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் பெல்ட்டைப் பார்த்தார்.

"போன மாசம் இருபத்தி நாலாந்தேதி. எழுதிக்கிட்டே இருந்துச்சு. பெல்ட்டுல சாக்குக் கயிறு மாட்டிக்கிச்சுன்னு எடுக்கப் போயி... வலது கை. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

என்ன நேரம் என்று கேட்டேன்.

"அஞ்சு அம்பத்திரெண்டு. மெஷின் நின்னா நேரம் எழுதணும். நான்தான் எழுதுனேன்."

பதிவேட்டின் கடைசி வரியைப் பார்த்தேன். ஒரு 1. அதன் பக்கத்தில் பென்சில் வைத்த புள்ளி.

அறைக்கு வந்ததும் என் ரெக்கார்டு நோட்டை எடுத்தேன். ஊரில் இருக்கிற எல்லோருடைய செவுளையும் தூக்கிப் பார்த்தவள், அந்த லேபிளை மட்டும் உரித்துப் பார்க்கவில்லை. தண்ணீர் தொட்டு உரித்தேன். அடியில் பழைய பெயர் இருந்தது.

மலர்க்கொடி.

செத்தவள் வந்து எழுதினாள் என்றால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் செப்டம்பரில் அவள் உயிரோடு இருந்தாள். நான் உமியை அள்ளியபோதும் உயிரோடுதான் இருந்தாள்.