மேல் கோட்டைத் தாண்டிய எண்ணெய்

லாரி ஓட்டுகிறவன் டீசல் திருடுவான் என்பது தீர்ப்பை எழுதிவிட்டு விசாரிக்கிற வழக்கு. அந்த வழக்கில் நானும் நின்றேன். என்மேல் பிராது கொடுத்தவர் என் அக்கா வீட்டுக்காரர்.

வண்டி அவருடையது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய் ஏற்றிப் போகிற பத்துச் சக்கர லாரி. சொந்தத்தில் ஒருத்தன் ஓட்டினால் நம்பி விடலாம் என்று அக்கா சொன்னதால்தான் ஏறினேன். நம்பிக்கையாம், மண்ணாங்கட்டி.

திண்டுக்கல் பைபாஸ் ஓரத்துப் பட்டறையில் ஆயில் மாற்றிய அன்று தொடங்கியது. மாமா புது ஆயிலைப் பக்கெட்டாக வாங்கி வந்திருந்தார். ஒரு பக்கெட்டை முழுதாகக் குடிக்கிற இன்ஜின் இல்லை அது. மெக்கானிக் வேண்டிய மட்டும் ஊற்றினார். அளவுக் கம்பியை உருவிப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கம்பியில் கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு. எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மாமாவுக்குப் பக்கெட்டில் கிடந்த மிச்சம் பொறுக்கவில்லை.

“அதையும் ஊத்துப்பா. இங்க வச்சிட்டுப் போனா எவன் வண்டிக்காவது போயிரும்.”

“மேல் கோட்டைத் தாண்டிரும்ணே” என்றார் மெக்கானிக்.

“தாண்டட்டுமே. எண்ணெய் கொறஞ்சு இன்ஜின் போனதக் கேட்டிருக்கேன். கூடிப் போயி எவன் இன்ஜின்யா போச்சு?”

“கேபின்ல வைங்க மாமா. கொறையும்போது ஊத்திக்கிறேன்” என்றேன்.

“கேபின்லயா? நல்லாச் சொன்ன மாப்ளே” என்று சிரித்தார். பக்கெட்டைத் தானே தூக்கிக் கவிழ்த்தார். அந்தச் சிரிப்பிலேயே நான் இறங்கியிருக்க வேண்டும்.

இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் கிடக்கும். வண்டியை இழுக்கிற கிராங்க் தண்டு அதைத் தொடாமல் மேலே சுற்ற வேண்டும். அளவு ஏறிவிட்டால் அது எண்ணெய்க்குள் முங்கி முங்கிச் சுற்றும். ஆத்தூர் அணையில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தவனுக்கு இதை விளக்க வேண்டாம். கால் பின்னால் இழுக்கும். வண்டிக்கும் அதேதான். எண்ணெய் நுரைத்தது. முன்பு கியர் இறக்காமலே ஏறிய மேட்டிலும் இறக்க வேண்டியிருந்தது. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்த வண்டி நாலுக்குக் கீழே போனது.

மாமா எண்ணெயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். டேங்குக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். பங்கில் டீசல் போட அவரே வந்து திறந்தார். மைலேஜ் ஏறவில்லை. கள்ளச்சாவி வைத்திருக்கிறேன் என்று மார்க்கெட்டில் சொல்லிவிட்டார். மூட்டை தூக்குகிறவர்கள்கூட, “என்ன டிரைவரு, சாவி எங்க செஞ்சீக?” என்று கேட்டுச் சிரித்தார்கள்.

நீங்களாவது அவரிடம் சொல்லுங்கள் என்று மெக்கானிக்கைக் கெஞ்சினேன். “குடும்ப விசயம். எனக்கு எதுக்குண்ணே வம்பு?” என்று ஸ்பானரைத் துடைக்கப் போய்விட்டார்.

அடுத்த நடையில், பழனி தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடை ஓரம் வண்டியை நிறுத்தினேன். சூடு ஆறவிட்டு அடியில் படுத்து, மேல் கோட்டுக்கு இறங்கும்வரை எண்ணெயை ஒரு தண்ணீர் கேனில் வடித்தேன். அதன் பிறகு வண்டி பழையபடி இழுத்தது. போய்த் திரும்பியபோது மைலேஜும் பழையபடி நின்றது. சந்தோசமாக இருந்தது. மாமா கண்ணால் பார்க்கட்டும் என்று கேனைத் தூக்கிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். என்னைப் போல மடையன் உண்டா?

மாமா கேனைத் திறந்து மோந்து பார்த்தார். அக்காவைக் கூப்பிட்டார்.

“இங்க வா. ஒந்தம்பி டீசல விட்டுட்டு இப்ப எண்ணெயில கைய வச்சிருக்கான்.”

“மாமா, இது கூடுதலா நின்னது. எடுத்ததும் மைலேஜ் வந்திருச்சு. அதக் காட்டத்தான் கொண்டாந்தேன்.”

“ஏன் வராது? பூட்டுப் போட்டேன், ஊரெல்லாம் சொன்னேன், பயந்துட்ட. இந்த நடை எடுக்கல. வந்திருச்சு.”

என் ஒரே சாட்சியை வைத்தே என்னைத் திருடனாக்கினார். கேனை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற வண்டிக்குப் போனார். அவ்வளவையும் திரும்ப இன்ஜினில் ஊற்றினார். வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அக்கா தெருமுனைவரை என்னோடு வந்தாள்.

“ஏலே, எடுத்திருந்தா சொல்லிரு. நான் அவருட்ட பேசிக்கிறேன்.”

அவர் சொன்னதெல்லாம் தோல்மேலேயே நின்றது. இது உள்ளே இறங்கியது. அவளோடு ஒரே தட்டில் தின்று வளர்ந்தவன் நான். வந்த பஸ்ஸில் ஏறினேன்.

இப்போது கொடைரோட்டுப் பக்கம் ஒரு கல் குவாரியில் டிப்பர் ஓட்டுகிறேன். காய் லாரிக்காரர் எவரும் என்னைக் கூப்பிடுவதில்லை. போன வாரம் அக்கா போன் செய்தாள்.

“புது டிரைவரையும் நிப்பாட்டிட்டாருடா. மைலேஜ் இன்னும் நாலுக்குக் கீழதானாம்.”

“டேங்குப் பூட்டு இருக்குல்ல?”

“இருக்கு.”

“சாவி யாருகிட்ட?”

“அவருகிட்டதான்.”

அப்படியானால் நீ எடுக்கவில்லை என்று அவளாகச் சொல்வாள் எனக் காத்திருந்தேன். பின்னால் அவள் வீட்டு டிவி சத்தம் கேட்டது.

“என்னத்தச் செய்ய, வர்றவன் எவனும் சரியில்ல” என்றாள். பிறகு, “சாப்டியா?” என்றாள்.

சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சாப்பிடவில்லை.