மூன்றாவது கை

கிட்டார் வாசிக்க இரண்டு கை வேண்டும். கெட்டுப்போன சர்க்கியூட்டில் சத்தம் எந்த இடத்தில் சாகிறது என்று தேட இன்னொரு கை வேண்டும். போன தீபாவளிவரை அந்த மூன்றாவது கை என் மனைவியுடையது. மடியில் என் கிட்டாரைப் போட்டுக்கொண்டு, டிவியில் சீரியல் பார்த்தபடியே ஒற்றை விரலால் கம்பியை டொய்ங் டொய்ங் என்று தட்டுவாள். நான் மேசையில் குனிந்து தேடுவேன். “ஆச்சா? இல்ல நான் போயி சோத்துக்கு உலை வைக்கவா?” என்பாள்.

இப்போது அவள் ஜொகூர்பாருவில் மகள் வீட்டில் இருக்கிறாள். மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது பத்தியம் பார்க்கப் போனவள். குழந்தைக்குத் தலை நின்றதும் வந்துவிடுவேன் என்றாள். தலை நின்றது, தவழ்ந்தது, சோபாவைப் பிடித்து எழுந்து நிற்கவும் ஆரம்பித்துவிட்டது. “தீபாவளிக்குக் கண்டிப்பா வந்துருவேன்” என்று கடைசியாகச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நான் தங்கா பத்து ஊரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என்னையும் அங்கே வரச் சொன்னார்கள். நான் என்ன மூட்டை முடிச்சா, தூக்கி வைத்த இடத்தில் இருப்பதற்கு? வரமாட்டேன் என்றேன். வீம்புதான், வேறென்ன.

நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இளவட்டமாகத் திரிந்த காலத்தில் நாங்கள் சிலபேர் கல்யாண வீடுகளில் வாசிப்போம். அந்தக் கூட்டத்தில் இப்போது யாரும் கிட்டாரைத் தொடுவதில்லை. எனக்கு மட்டும் அந்தக் கிறுக்கு போகவில்லை. தொழிற்சாலையில் மெயிண்டனன்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, ஃபஸ் பெடல் செய்வதில் இறங்கினேன். காலால் மிதித்தால் கிட்டாரின் சத்தத்தைக் கிழித்துக் கரகரப்பாக்கித் தரும் சின்னப் பெட்டி அது. ஈயம் வைத்து ஒட்டுவதற்கு முன்னால், பிரெட்போர்டு என்கிற துளை துளையான வெள்ளைப் பலகையில் பாகங்களைச் செருகி, பாடுகிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நன்றாகத்தான் பாடியது. பூஜை முடிந்து எடுத்தால் இரண்டு இருமல், அப்புறம் மூச்சே இல்லை. பேட்டரியை மாற்றினேன். ஒயர்களைப் பிடுங்கி மறுபடி செருகினேன். வெயிலில் தெங்கேராவரை போய், பழைய சீனர் கடையில் புது டிரான்சிஸ்டர் வாங்கி வந்து போட்டேன். மறுபடி அதே இருமல். எனக்கு வந்ததே கோபம்! சனியன் பிடித்த போர்டு என்று மேசையை ஓங்கிக் குத்தினேன். “அங்க என்னாங்க சத்தம்?” என்று கேட்க வீட்டில் ஆளில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வாட்ஸாப்பில் கூப்பிட்டாள்.

“சாப்டீங்களா?”

“கடையில தாப்பாவ் பண்ணி, பொட்டலத்தப் பிரிச்சு சாப்ட்டேன். மனசே சரியில்ல. போர்டு செத்துப் போச்சு.”

“நான் அங்க இருந்தா கம்பியத் தட்டியிருப்பேன்” என்றாள்.

அப்போதுதான் யோசனை வந்தது. கம்பிச் சத்தம்தான் வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஏதோ ஒரு சத்தம் உள்ளே போனால் போதும். என் போன் பழசு, ஹெட்போன் ஓட்டை இன்னும் இருக்கிறது. அதிலிருந்து ஒரு ஒயரைப் போர்டுக்கு இழுத்தேன். ஆம்பிளிஃபயரிலிருந்து இன்னொரு ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் செருகிய ஹெட்போனைக் காதில் மாட்டினேன். இனி அவள் குரல் போர்டுக்குள் போகும். நான் ஒயர் நுனியால் தொடுகிற இடத்தில் மட்டும் எனக்குக் கேட்கும். நான் பேசுவது எப்போதும்போல் அவளுக்குக் கேட்கும். முதலில் குரல் நுழையும் இடத்தில் தொட்டேன்.

“நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இரு. நிறுத்தாதே.”

“என்னத்தப் பேச?”

“எதையாச்சும் பேசு லா.”

பேசினாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. பேரன் கஞ்சியை அப்பன் சட்டையில் துப்பிவிட்டான். லிப்ட் கெட்டுப்போய் ஏழு மாடியும் நடந்தே ஏறினார்களாம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா குவே பலகாரம் செய்து கொண்டுவந்து கொடுத்தாராம். ஒயரைத் தூக்கினால் அவள் இல்லை, வைத்தால் இருந்தாள். வழக்கமாக எங்கள் பேச்சு சாப்பாடு, மாத்திரை, “சரி, வச்சிடறேன்” என்பதோடு முடிந்துவிடும். இத்தனை மாதத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. நான் வேண்டுமென்றே மெதுவாகத் தேடினேன்.

முதல் டிரான்சிஸ்டர்வரை குரல் நன்றாக வந்தது. இரண்டாவதில் செத்தது. திரும்ப முதல் இடத்தில் தொட்டபோது, “…என் தையல் மிஷினுக்குப் பொட்டு வச்சீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வச்சேனே. உன் மிஷின், என் டெஸ்டர், கிட்டாரு, போர்டு, எல்லாத்துக்கும்…”

வாய் அப்படியே நின்றது. இரண்டாவது டிரான்சிஸ்டரின் காலடியிலேயே, வெள்ளிக் காசு அகலத்தில், என் கையால் வைத்த சந்தனப் பொட்டு. வருடா வருடம் பொட்டு வைப்பது அவள்தான். கெட்டியாகக் குழைத்து வைப்பாள். நான் பன்னீரை ஊற்றி ரசமாகக் கரைத்திருந்தேன். மேலே காய்ந்துவிட்டது. துளைகளுக்குள் ஈரம் இறங்கி, சேரக்கூடாத கால்களைச் சேர்த்து வைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் தெங்கேரா போய் டிரான்சிஸ்டர் வாங்கி வந்திருக்கிறேன்!

“அட கஷ்டகாலமே, சந்தனம்டி!” என்று கத்தினேன்.

“ஐயையோ, அது மேலயா வச்சீங்க? நான் பெட்டி மூடியிலதானே வைப்பேன்!” அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்திருக்கும். நானும் சிரித்தேன். என் வீட்டில் எவ்வளவோ நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

பாகங்களைப் பிடுங்கிப் போர்டின் சுத்தமான பக்கத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். “ஒயரக் கீழ வைக்கப் போறேன். கொஞ்ச நேரம் நீ பேசறது எனக்குக் கேக்காது. ஆனா நிறுத்திடாதே” என்றேன்.

“சுத்தமா கேக்காதா?”

“ஒண்ணும் கேக்காது.”

“சரி” என்றாள்.

எனக்குக் கை சுறுசுறுப்பாகிவிட்டது. அவள் நினைத்ததைவிட சீக்கிரம் முடித்துவிட்டேன் போல. ஒயரை எடுத்துக் கடைசி இடத்தில், சத்தம் வெளியே வரும் இடத்தில், தொட்டேன். வந்தது! கிழிந்து, கரகரத்து, நான் ஆசைப்பட்ட அதே சத்தம். அவள் குரல்தான்.

“…எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நம்ம மக அடுத்த மாசம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறா. புள்ளைய யாரு பாப்பா? தீபாவளிக்கு நான் வரலங்க. அதுக்கப்புறமும் வர முடியாது போலருக்கு. எனக்கும் இங்க பழகிப் போச்சு. நேரா சொன்னா நீங்க கத்துவீங்க. வாங்கன்னு கூப்பிட்டாலும் வரமாட்டீங்க. நான் என்னதான் செய்றது…”

ஒயர் நுனியை அங்கேயே பிடித்திருந்தேன். கத்த வேண்டும் என்றுதான் வந்தது. கத்தினால் போனை வைத்துவிடுவாள்.

“என்னாங்க, மாத்தி வச்சாச்சா? இப்ப கேக்குதா?” என்றாள் கொஞ்சம் உரக்க.

“இல்ல, இன்னும் கேக்கல” என்றேன்.

கேட்காதவன் எப்படிப் பதில் சொல்வான்? சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. மின்விசிறிச் சத்தமும், தூரத்தில் குழந்தை சிணுங்குவதும் மட்டும் கரகரவென்று வந்துகொண்டிருந்தன. நான் ஒயரை எடுக்கவில்லை.

பிறகு அவள் தொண்டையைச் செருமினாள்.

“சரி, நான் பேசிக்கிட்டே இருக்கேன். நீங்க மெதுவா பாருங்க” என்றாள். “உங்க பேரன் காலையில என்னா பண்ணான் தெரியுமா…”