பீடத்தில் ஏறிய பஞ்சுப் பொம்மை

கால்வாய் வெட்டியவர் யார் என்று கேட்டால், நீங்கள் யார் பெயரைச் சொல்வீர்கள்? மண்ணைச் சுமந்தவன் பெயரையா, மாலையைச் சுமந்தவர் பெயரையா?

போர்ட் சயீத் துறைமுகத்தில், அங்குள்ள கால்வாயை வெட்டியவர் என்று பெயர் வாங்கிய பிரெஞ்சுக்காரர் ஒருவர் சிலையாகக் கையை நீட்டியபடி பல்லாண்டு நின்றார். 1956இல் அந்நியப் படை வெளியேறியதும் ஊரார் அவரை வெடி வைத்துக் கவிழ்த்தார்கள். அவர் கிடங்குக்குப் போனார். பீடம் மட்டும் மிஞ்சியது. பல ஆண்டு கழித்து, அவரை மீண்டும் ஏற்றுவதற்கென்று ஒரு குழு கூடியது.

மெத்தை தைக்கும் இன்ஸாஃபுக்கு அந்தப் பீடத்தில் வேறொருவர் நிற்கவேண்டும். அவளுடைய கொள்ளுத்தாத்தாவைக் கிராமத்திலிருந்து இழுத்து வந்து கால்வாய் வெட்ட வைத்தார்கள். அவர் திரும்பவில்லை. அதைச் சொல்ல அவள் குழுவிடம் போனாள். நிபுணர்களுக்கு மட்டுமே அனுமதி என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

வசந்த விழாவுக்கு முந்தைய மாலையில், அந்த ஆண்டு ஊர் வெறுத்தவரைப் பொம்மையாக்கித் தெருவில் எரிப்பது அங்கே வழக்கம். இன்ஸாஃப் தன் தெருவுக்காகப் பிரெஞ்சுக்காரரையே செய்தாள். நீண்ட கோட்டு, மீசை, நீட்டிய கை, உள்ளே முழுக்கப் பழைய மெத்தைப் பஞ்சு. எரிக்கும்வரை எல்லாரும் பார்க்கட்டும் என்று காலையிலேயே பீடத்தில் ஏற்றி வைத்தாள்.

ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ் அதிகாரி தூரத்திலிருந்து பார்த்தார். சிலை வந்துவிட்டது, கலகமும் வரும் என்று முடிவுகட்டி, மேலிடத்துக்குச் சொல்லி நாலு பேரைக் காவலுக்கு நிறுத்தினார்.

மாலையில் பொம்மையை எடுக்கப் போனவளை அவர் மறித்தார். அங்கே மூத்த பெண்களை ‘ஹாஜ்ஜா’ என்றும் அதிகாரிகளை ‘பாஷா’ என்றும் அழைப்பது மரியாதை.

“நில்லு ஹாஜ்ஜா! சிலைகிட்ட போகக்கூடாது.”

“எது சிலை, பாஷா? என் மெத்தைப் பஞ்சு அது!”

“பொதுச் சொத்து. தொட்டா உள்ள போயிடுவ.”

மீன்காரன் ஷவ்கி குறுக்கே புகுந்தான். “பாஷா, கல்லுச் சிலை எங்கயாவது காத்துக்குத் தலையாட்டுமா?”

கூட்டம் சிரித்தது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். பிரெஞ்சுக்காரர் பணிவாகத் தலையாட்டினார். அதிகாரியின் முகம் சுருங்கியது, குரல் இறங்கியது.

“காவல் போட்டாச்சுன்னு மேல சொல்லிட்டேன் ஹாஜ்ஜா. இனி குழு சொன்னாத்தான் எடுக்க முடியும்.”

இப்படித்தான், அவளுக்குத் திறக்காத கதவு பஞ்சுப் பொம்மைக்குத் திறந்தது. அன்றே குழு அவசரமாகக் கூடியது. ‘சிலைக்கு உரியவர்’ என்று இன்ஸாஃபை நாற்காலி போட்டு உட்காரவைத்தது.

“பொம்மையைத் தந்தா என்ன செய்வீங்கம்மா?” என்று தலைவர் கேட்டார்.

“எரிப்பேன். அப்புறம் அந்தப் பீடத்துல எங்க கொள்ளுத்தாத்தா மாதிரி கூடை சுமந்த ஒருத்தர வைங்க.”

“அவர் பேரு?”

அவளுக்குத் தெரியாது. அவள் தந்தைக்கும் தெரிந்திருக்கவில்லை.

“பேரே தெரியாதவருக்கு எப்படிம்மா சிலை வைக்கிறது?”

“பேரு தெரிஞ்சவரு ஒரு கூடை மண்ணாவது தூக்குனாராய்யா?”

ஊர் முழுக்கச் சிரிப்பதற்குள் பொம்மையைக் கொடுத்தனுப்பினார்கள். சிலை விவகாரத்தை ஒத்திவைத்தார்கள். பிரெஞ்சுக்காரர் நன்றாக எரிந்தார். குழு அடுத்தமுறை கூடியபோது பொம்மை இல்லை. ஆகவே இன்ஸாஃபையும் அழைக்கவில்லை. பீடம் இன்னும் காலி.

உங்கள் ஊரிலும் சிலையை ஏற்றவோ இறக்கவோ ஒரு குழு கூடும். அழைப்புக்குக் காத்திராதீர்கள். உள்ளே போய், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.